கஸ்பர் சொன்ன வற்றம்

எங்கள் தோட்டத்து அட்டைக்கு, காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டு மணி தெரியும். பேர் கூப்பிட்டு முடிகிற வரை புல்லுக்குள் பொறுமையாக இருக்கும். ஆட்கள் மலைக்குப் போனதும் அதுவும் வேலைக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரையும் கடிக்காது. இதை நான் சொன்னால் ஹட்டன் டவுன்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கடலின் வற்றம் மலையேறி வந்து எங்கள் ஆத்து டிவிசன் தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும் என்று கஸ்பர் சொன்னபோது டிவிசனில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிச் சனம் அதை நம்பித் தன் செத்தவர்களைத் தண்ணீருக்கு விட்டது. அதனால் எது பொய், எது நிஜம் என்று புடைத்துப் பிரிக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அணை கட்டிய காலம் அது. மின்சாரம் எடுக்க ஆற்றை மறித்தார்கள். ஊசிமலைத் தோட்டத்தில் எங்கள் டிவிசன்தான் பள்ளத்தில் கிடந்தது. எங்களை மேட்டில் வரிசை வீடுகளாகக் கட்டிய லயத்துக்கு ஏற்றினார்கள். தேயிலைச் செடியைப் பிடுங்கி விறகாக்கினார்கள். மாடசாமிக் கல் ஒன்றும் பேசாமல் லாரி ஏறியது. அத்தனை வருசம் எங்களை அதட்டி ஆண்ட சாமி, அணை வேலையை மேற்பார்த்த ஓவசியர் கையைக் காட்டியதும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியாக மிச்சமிருந்தது ஆற்றோரத்து மயானம். சுற்றிலும் கம்பு வேலி, நடுவிலும் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் கல், இந்தப் பக்கம் வேதக்காரர்களின் குருசு. ஓவசியர் சரிவில் வெள்ளைக் கல் நட்டு, தண்ணீர் இதுவரை வந்து நிற்கும் என்று அடையாளம் வைத்தார். மயானம் அந்தக் கல்லுக்கு வெகு கீழே இருந்தது. அங்கேதான் கஸ்பரின் பெண்சாதி தெரேசா கிடந்தாள்.

கஸ்பர் எங்கள் டிவிசனில் பிறந்து வளர்ந்தவன். ஒருநாள் கணக்கப்பிள்ளையின் குடையைக் கவ்வாத்துக் கத்தியால் கவ்வாத்து செய்துவிட்டான். கிளை வெட்டினால் தேயிலை தளிர்க்கிறதே, குடை தளிர்க்காதா என்று பார்த்தானாம். குடை தளிர்க்கவில்லை. கஸ்பரைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். அவன் பெண்சாதியையும் மகள் ஜோசப்பினையும் லயத்தில் விட்டுவிட்டு, புத்தளத்துப் பக்கம் ஓர் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். அடுத்த நத்தார் பண்டிகைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனான். எந்த நத்தார் என்று சொல்லவில்லை. இடையில் ஒரு மாரிக் காலத்தில் தெரேசா காய்ச்சலில் போய்விட்டாள். சேதி அவனிடம் போய்ச் சேர்ந்தபோது குழிமேல் போட்ட மண் காய்ந்து புல் முளைத்திருந்தது. பிறகு புதுத் துரை வந்தார். பழைய கணக்கப்பிள்ளையும் குடையும் போனபின் கஸ்பர் திரும்பி வந்தான். வந்தவன் கையில் ஒரு செபமாலையும் வாயில் கடலும் இருந்தன.

அவன் உப்பளத்தில் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். உப்பளத்தில் கடல்நீரை நேரே பாத்திக்கு விடுவதில்லை. கரையோரம் ஒரு பெரிய தேக்கம் வெட்டியிருப்பார்கள். கடல் பெருகும்போது மதகைத் திறந்து தேக்கத்தை நிரப்ப வேண்டும், வற்றத் தொடங்குமுன் மூட வேண்டும். முந்தித் திறந்தால் உள்ளே இருப்பதும் வெளியே ஓடும். பிந்தினால் ஒன்றும் வராது. அந்தக் கரையில் கடல் ஏறி இறங்குவதே முழங்கால் உயரத்துக்கு உட்பட்டுத்தான். அந்த முழங்காலுக்குள்தான் எல்லாக் கணக்கும். கடல் ஒரு சாண் ஏறினால் தேக்கம் எத்தனை விரல் ஏறும், மதகு ஒடுக்கமானால் எவ்வளவு பிந்தும், இன்றைய பெருக்கு நாளைக்கு எவ்வளவு தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமிக்கு எவ்வளவு துள்ளும், அட்டமி நவமிக்கு எப்படிச் சோம்பிக் கிடக்கும் என்றெல்லாம் பார்த்துச் சொல்வதுதான் கஸ்பரின் உத்தியோகம். செபமாலையில் வைத்து எண்ணுவான். பெரிய மணி அமாவாசை, சின்ன மணிகள் பிறைகள். அங்கே தன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்று அவனே சொன்னான். நானும் நம்பினேன். நாங்கள் ஒருநாளும் உப்பில்லாமல் சாப்பிட்டதில்லையே.

மாரிக்கு முன்னால் அணையின் மதகை மூடப்போகிறார்கள், அதற்குள் வேண்டியவர்கள் தங்கள் ஆட்களைத் தோண்டி மேட்டு மயானத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பெரட்டில் அறிவித்தார்கள். எலும்பு கொண்டுபோகத் தோட்டம் தேயிலைப் பெட்டி கொடுத்தது. ஓரம் நசுங்கி, ஏற்றுமதிக்கு ஆகாமல் ஸ்டோரில் கிடந்த பெட்டிகள். உள்ளே ஈயத் தாள், வெளியே தோட்டத்துப் பேரும் முதல்தரத் தூளின் முத்திரையும். உயிரோடு இருந்தவரை எங்கள் சனத்தில் யாருக்கும் முதல்தர முத்திரை விழுந்ததில்லை.

எங்கள் டிவிசனில் ஒரு வழக்கம் உண்டு. வேலிக்கு இரண்டு பக்கமும் அது ஒன்றுதான். புதைத்த குழியைத் திறப்பதென்றால் முதல் மண்ணை உரியவர்தான் வெட்ட வேண்டும். பெண்சாதி குழியென்றால் புருசன், புருசன் குழியென்றால் பெண்சாதி. அவர்கள் உயிரோடு இருக்கையில் பிள்ளைகள் மம்பட்டி வைத்தால் செத்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள், வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள் என்று சொல்வார்கள். முதல் எலும்பைக் கையால் எடுத்துப் பெட்டியில் வைப்பதும் அவரே. எலும்பை வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு பின்னேரம் லயத்தில் கஸ்பர் குடியிருந்த காம்பராவில் நானும் அவனும் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஜோசப்பின் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"அப்பா, புதன்கிழமை பாதர் வாராராம். நம்ம பக்கத்துக் குழியெல்லாம் தொறக்குறாங்க. நீங்க வந்து மொத மண்ண மட்டும் வெட்டிக் குடுங்க."

"எதுக்குத் தொறக்கணும்?"

"தண்ணி வருதுல்ல."

"வரும். வந்தா போகும்."

"எங்க போகும்?"

"வந்த வழியே போகும். பெருக்குன்னு ஒன்னு இருந்தா வத்தம்னு ஒன்னு இருக்கணும் புள்ள. ஒங்கம்மாவுக்குக் காலு நனைஞ்சு காயும். அம்புட்டுத்தான்."

"இது என்ன கடலாப்பா?"

"ஆறு எங்க போயிச் சேருது?"

"கடல்ல."

"பெறகென்ன?"

ஜோசப்பின் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. இந்த மனுசனுக்கு என்னா ஆச்சு?"

நான் கேட்டேன், கடல் எப்படியடா ஹட்டனுக்கு ஏறும் என்று. கஸ்பர் அதற்கும் கணக்கு வைத்திருந்தான். கொழும்பில் காலையில் கிளம்புகிற ரயில் ஹட்டனுக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் இன்னோர் எஞ்சின் கட்டித் தள்ளுகிறார்கள். ரயிலுக்கே இந்தப் பாடென்றால் தண்ணீருக்கு எஞ்சின் உண்டா, தண்டவாளம் உண்டா, நாவலப்பிட்டியில் நின்று வடை தின்ன வசதி உண்டா? அமாவாசைக்குக் கடலில் புறப்படுகிற வற்றம் ஆற்றோடு நெளிந்து நெளிந்து இங்கே வந்துசேர அடுத்த பௌர்ணமி ஆகிவிடும். ஆனால் வந்துசேரும்.

"நடுவுல அருவி விழுதேடா," என்றேன்.

"அருவி மேல விழுது. வத்தம் உள்ளுக்குள்ள ஏறும்."

நானும் என் வாழ்நாளில் நிறையப் பொய் கட்டியிருக்கிறேன். ஒரு பொய்யை இவ்வளவு பதமாக வேகவைத்ததில்லை.

"மாதாவுக்குச் சொல்ற மணியில தண்ணிய எண்ணாதீங்க. பாவம் வரும்," என்று ஜோசப்பின் செபமாலையைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று விழுந்தது.

நான் வெளியே வந்தபோது அவனும் கூட வந்தான். லயத்துக் கோடியில் நின்று பீடி பற்றவைத்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் அந்த மயானத்துக்குள் கால் வைத்ததில்லை. எனக்குத் தெரியும். கல்லறைத் திருநாளுக்குக்கூட மெழுகுதிரியை மகள் கையில் கொடுத்துவிட்டு ரோட்டிலேயே நின்றான்.

"நான் போறப்ப அவ தல பின்னிக்கிட்டு இருந்தா, வீரய்யா," என்றான். "சீப்ப வாயில கவ்விக்கிட்டு, போயிட்டு வாங்கன்னு தலைய ஆட்டுனா. சீப்பு இருந்ததால பேசல. இப்ப நான் பெட்டிக்குள்ள கைய விட்டு எத எடுத்து வச்சு தெரேசான்னு கூப்பிட? எந்த எலும்பு எதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"யாருக்குத்தான்டா தெரியும்?"

"அதான். வத்திரும், விடு."

புதன்கிழமை பாதர் வந்தார். சில குழிகளைத் திறந்தார்கள். தெரேசா குழி மூடியே இருந்தது.

ஓவசியருக்கு விசயம் எட்டியது. அவர் சிங்கள ஆள், காலி பக்கம், கடலோரத்தில் பிறந்தவர். ஆகவே அவருக்குக் கடலைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கஸ்பரைக் கூப்பிட்டு அணைக்கட்டுக்குமேல் கொண்டுபோய் மதகுச் சக்கரத்தைக் காட்டினார். சும்மா நின்ற என்னையும் கூட்டிப்போனார்.

"கஸ்பர், இது கடல் இல்லே. இந்தச் சக்கரம் பாரு. மூடினா தண்ணி ஏறும். தொறந்தா எறங்கும். சந்திரன்கிட்ட இதுக்குச் சாவி இல்லே."

"மாத்தியா, உப்பளத்துல சக்கரம் எங்கிட்டத்தான் இருந்துச்சு," என்றான் கஸ்பர். "நானும் அப்புடித்தான் நெனச்சேன். சக்கரம் நம்மகிட்ட இருக்கும். தண்ணி நம்மகிட்ட இருக்காது."

ஓவசியர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். நல்ல மனுசன்.

"சரி. தண்ணி யாருகிட்ட இருந்தாலும் பரவால்லே. ஒன் நோனாவ எடுத்து மேலே வையி."

கஸ்பர் மணியை உருட்டினான். "வார பௌர்ணமிக்குப் பாருங்க மாத்தியா," என்றான்.

மதகை மூடினார்கள். தண்ணீர் ஆற்றை விட்டுக் கரை ஏறியது. மயானத்து வேலியைத் தேடி வந்தது. சனம் பயந்து மம்பட்டியைத் தேடத் தொடங்கிய சமயத்தில்தான் அந்தக் கேடு நடந்தது. பௌர்ணமியன்று தண்ணீர் இறங்கியது. ஒரு முழம் இருக்கும். நனைந்த மண் பட்டைபோலக் கறுப்பாகத் தெரிந்தது. மதகு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என்ஜினியர்மார் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை எங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தப்புக் கணக்கு ஒருதரம் சரியாகப் போவதைப்போல ஆபத்து வேறில்லை. அன்றைக்கு அணைக்கட்டோரம் ஒரு கடல் நண்டைக்கூட நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. நம்பாதவர்கள் நண்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

அன்று மாலை ராக்காயி கஸ்பர் காம்பரா வாசலுக்கு வந்தாள். அவள் புருசன் அழகன் வேலிக்கு எங்கள் பக்கம் கிடந்தான். சரிவில் மண் இறக்கும்போது பாறை உருண்டு மேலே விழுந்து செத்தவன். மறுநாள் அவனை எடுப்பதாகப் பேசி வைத்திருந்தாள்.

"கஸ்பரண்ணே, நெசமா எறங்கிருமா?"

"பாத்தியில்ல."

"பாத்தேன். திரும்ப ஏறுனாலும் எறங்குமா?"

"ஏறுனா எறங்கித்தான் ஆகணும் ராக்காயி."

"அந்த மனுசன் இருந்த கோலத்துக்கு, இன்னொருக்கா பாக்க எனக்கு மனசு கெடையாதுண்ணே. எறங்குமின்னா விட்டுர்றேன். மாசத்துக்கு ஒருக்கா போயி வெளக்கு வச்சாப் போதும்."

"எறங்கும்."

அவள் அழவில்லை. பாரம் இறக்கி வைத்தவள்போல நடந்து போனாள். மறுநாள் அவள் காம்பராவில் தேயிலைப் பெட்டிக்குள் அரிசி இருந்தது. பக்கத்துக் காம்பராவில் பெட்டிக்குள் கோழி அடைகாத்தது. இப்படி ஒவ்வொருவராக. எலும்பை எடுக்க யாருக்கும் ஆசையில்லை. வேண்டாமென்று சொல்ல ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

ஜோசப்பின் மட்டும் விடவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் பெரட்டுக்குப் போகாமல் மம்பட்டியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மயானத்துக்கு இறங்கினாள். தண்ணீர் மறுபடி ஏறி வேலியின் கீழ்க் கம்பைத் தொட்டிருந்தது. தாயின் குருசுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள். சனம் சரிவில் கூடியது.

"புருசங்காரன் இருக்கையில மகள் வெட்டக்கூடாது தாயி," என்றார்கள் கிழவர்கள். "அவ வழி தெரியாம நிப்பா."

"அப்ப அவர வரச் சொல்லுங்க."

கஸ்பரைக் கூட்டிவர நான்தான் போனேன். வந்தான். வேலி வரை வந்தான். என் கணக்குப்படி அவன் வாழ்க்கையிலேயே மிக நீண்ட பிரயாணம் அதுதான். அதற்குப் புத்தளம் கிட்டத்தான். வேலிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணியை உருட்டினான்.

"அப்பா, ஒரு வெட்டு. ஒரே ஒரு வெட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். எலும்பக்கூட நானே எடுக்கிறேன், நீங்க கண்ண மூடிக்கிட்டு பேர மட்டும் சொல்லுங்க."

"இன்னைக்கி நவமி. தண்ணி சோம்பிக் கெடக்கு. வெலகத் தொடங்கல. பொறு புள்ள."

"தண்ணி காலுக்கு வந்திருச்சு."

"எறங்கும்."

"எனக்காக வேணாம். அவளுக்காக. நீங்க வருவீங்க வருவீங்கன்னு கெடந்து செத்தவ."

அவன் முகம் எப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த அளவுக்குப் பொய் வராது, நிஜமும் வராது. அவன் எழுந்தான். வேலியைப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கினான். அப்படியே திரும்பி மேலே ஏறிப் போய்விட்டான். ஜோசப்பின் மம்பட்டியை ஓங்கினாள். ஓங்கினபடி நின்றாள். பிறகு கீழே இறக்கி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள். தாய் வழி தெரியாமல் நிற்பாள் என்று சொன்னால் எந்தப் பிள்ளை வெட்டும்? மழை விழுந்தது.

அந்த மழையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தவளைகள் பொறுக்க முடியாமல் எங்கள் லயத்து வாசலுக்கு வந்து இடம் கேட்டன. பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டோம். இல்லையென்றன. எங்களுக்கும் இல்லை, உள்ளே வாங்க என்றோம். மழை விட்டு, மூட்டம் கலைந்து பார்த்தபோது பள்ளம் இல்லை. வேலி இல்லை, குருசு இல்லை, கல் இல்லை. ஓவசியர் நட்ட வெள்ளைக் கல்லின் காலில் தண்ணீர் வந்து, அளந்து வைத்ததுபோல நின்றது.

அதற்குப் பிறகுதான் கஸ்பருக்கு நரகம். யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சனம் பூவும் சூடமும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் நிற்கும். "கஸ்பரண்ணே, எப்ப வத்தும்?" என்று மரியாதையாகக் கேட்கும். அவன் மணியை உருட்டி ஒரு நாள் சொல்வான். அந்த நாள் வரும், தண்ணீர் அசையாது. அட்டமி குறுக்கிட்டுவிட்டது என்பான். அடுத்ததைச் சொல்வான். ராக்காயி விளக்கை ஏற்றி, நனையாத கல் ஒன்றின்மேல் வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து, "இந்தா, வந்துட்டேன், பாத்துக்க," என்று சொல்லித் திரும்புவாள். அவன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஜோசப்பின் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு வைப்பாள், துணியைத் துவைத்துப் போடுவாள். ஒரு சொல் கிடையாது. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வந்தோம். "அம்மாவுக்குச் சொல்லாம எப்புடி?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கல்லறையில் போய்ச் சொல்வது அவர்கள் முறை. கரையில் நின்று சொல்லலாமே என்றேன். "தண்ணிக்கா?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நான் ஸ்டோர் வாச்சர். முறை முடிந்து இறங்கும்போதெல்லாம் கஸ்பர் கரையில் இருப்பான். ஒருதரம் கேட்டேன், இன்னும் நம்புகிறாயா என்று. "நம்பலைன்னா நான் என்னா செஞ்சேன்னு ஆயிருமில்ல," என்றான். பதிலுக்கு ஒரு பொய் சொல்லித் தேற்றலாம் என்று தேடினேன். கைவசம் அட்டைக் கதைதான் இருந்தது.

இரண்டாம் வருசம் மழை பொய்த்தது. தை மாசத்துப் பனி தேயிலையைக் கருக்கியது. மாசி முழுக்க வெயில். கொழும்பில் விளக்கெரிய வேண்டும் என்று இருந்த தண்ணீரையும் இழுத்தார்கள். முதலில் வெள்ளைக் கல்லை விட்டு நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு நாளும். மாடசாமி மேடை தெரிந்தது. பழைய லயத்துச் சுவர் தெரிந்தது. பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் மயானம் வெளியே வந்தது.

எல்லாரும் பெட்டிகளோடு ஓடினோம். அரிசியைக் கொட்டினார்கள், கோழியை விரட்டினார்கள். கஸ்பரைச் சிலர் தோளில் தட்டினார்கள். "சொன்னபடி எறக்கிட்டியேப்பா," என்றார் ஒரு கிழவர். கஸ்பர் நிற்காமல் நடந்தான். அவன் கையில் மம்பட்டி இருந்தது. வேலி இருந்த இடத்தை அவன் தாண்டினான். தாண்டியது அவனுக்குத் தெரிந்திராது, வேலியே இல்லை.

சேறு மட்டும் இருந்தது. அணைக்குள் சரிந்த மலைமண் எல்லாம் வந்து படிந்து, வழித்து மெழுகிய தரைபோல ஒரே மட்டமாகக் கிடந்தது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குருசும் கல்லும் அடியோடு போயிருந்தன. எந்தப் பக்கம் நாங்கள், எந்தப் பக்கம் வேதக்காரர்கள் என்றுகூடத் தெரியவில்லை. ராக்காயி அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு நடுவில் நின்றாள்.

"ஜோசப்பின், எங்கன்னு காட்டு," என்றான் கஸ்பர்.

அவள் சுற்றிப் பார்த்தாள். "அப்பக் கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டுக் காட்டியிருப்பேன்." இரண்டு வருசத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

அவன் ஓர் இடத்தில் வெட்டினான். "தெரேசா," என்று கூப்பிட்டான். தேயிலை வேர் வந்தது. பக்கத்தில் வெட்டினான். பேர் சொன்னான். ஒரு செருப்பு வந்தது, யாருடையதோ. மற்றவர்களும் வெட்டினார்கள். எலும்பும் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. யார் எலும்பு? ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது எந்தப் பேருக்கும் திரும்பவில்லை. கடைசியில் சிலர் சேற்றைப் பெட்டியில் அள்ளி, இதுதான் என்று வைத்துக்கொண்டு மேட்டு மயானத்துக்குப் போனார்கள். பாதரும் பூசாரியும் மறுக்கவில்லை. ஜோசப்பினிடமும் அப்படிச் செய்யச் சொன்னேன். "சேத்துக்குத் தெரேசான்னு பேரு வைக்க மாட்டேன் மாமா," என்றாள்.

கஸ்பர் வெட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும். பெரட்டில் அவன் பேரைக் கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். பள்ளம் முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்குள்ளும் பேரைச் சொல்லியிருந்தான். தொண்டை கட்டிப்போய், பேர் கூப்பிடுவதுபோல வாய் மட்டும் அசைந்தது.

சித்திரை மழை பின்னேரத்தில் பிடித்தது. மலையெல்லாம் இரைந்தது. ஆறு பெருகி அவன் தோண்டிய குழிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. ராக்காயி, ஜோசப்பின், நான், மூன்று பேரும் அவனைக் கூட்டிவர இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தும் அவன் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டு விழும் இடத்தில் தண்ணீர்தான் தெறித்தது. ஜோசப்பின் போய் மம்பட்டியைப் பிடித்தாள். அவன் விட்டுவிட்டான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான், பிள்ளையைப்போல.

பாதி ஏற்றத்தில் ராக்காயி நின்றாள். முந்தானையால் அவன் தலையைத் துடைத்துவிட்டாள்.

"இனி எப்பண்ணே வத்தும்?"

கஸ்பர் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியாது ராக்காயி."

அவள் முந்தானையைப் பிழிந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லண்ணே?"

ஜோசப்பின் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். மழை பலத்தது. எங்களுக்குக் கீழே தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.